ரோட்டுக்குள் கிடந்த கால்

கரட்டுப்பட்டியில் ஒன்பதரை பஸ் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை, போன் போடுவதில்லை, தெருமுனைக்கு வந்து எட்டிப் பார்க்கிற வேலைகூடக் கிடையாது, மந்தைக்கு மேற்கே மூன்றாவது வீட்டு வாசலில் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற பஞ்சவர்ணத்தைப் பார்த்து, "மதினி, பஸ்ஸு எங்குட்டு வருது?" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், "வெரலுக்கு வந்துருச்சு" என்பாள். விரலென்றால் பஸ் மெயின் ரோட்டிலிருந்து விலக்கில் திரும்பிவிட்டது, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது, தலை வாரிக்கொள்ளலாம். புறங்கால் என்றால் பாலத்தைத் தாண்டிவிட்டது, செருப்பைத் தேடலாம். கணுக்கால் என்று சொல்லிவிட்டாளானால் கண்மாய்க் கரை வளைவுக்கு வந்தாயிற்று, சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். இரண்டு வருஷமாக ஒருநாள்கூட அவள் சொன்னது தப்பியதில்லை. எப்படித் தப்பும்? பஸ் ஏறுவது அவள் காலின் மேல் அல்லவா.

அவளுடைய வலது கால், முட்டிக்குக் கீழே உள்ளது முழுக்க, அந்த மூன்று கிலோமீட்டர் ரோட்டுக்குள் கிடந்தது. விலக்கில் விரல்கள், பாலத்தில் புறங்கால், கண்மாய் வளைவில் கணுக்கால், அங்கிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் கெண்டைச்சதை. இதை யாரும் அளந்து சொல்லவில்லை. எந்த வண்டி எங்கே ஏறினால் எங்கே வலிக்கிறது என்று அவளே கண்டுபிடித்ததுதான்.

கால் ரோட்டுக்குள் போன கதை ஒன்றும் அதிசயமில்லை, அயோக்கியத்தனம். ஊருக்கு வடக்கே கரட்டை ஒட்டித் தவமணி முதலாளியின் கல் கிரஷர் இருக்கிறது. பஞ்சவர்ணம் அங்கே பெல்ட்டுக்குக் கீழே சிதறுகிற கல்லைக் கூட்டி அள்ளித் திரும்ப பெல்ட்டில் போடுகிற வேலை பார்த்தாள். பெல்ட் திரும்புகிற உருளைக்கு ஒரு இரும்பு மூடி உண்டு. மிஷினோடு வந்த மூடி அது. ஒருமுறை நெளிந்துவிட்டது என்று கழற்றினார்கள், கழற்றினவர்கள் திரும்ப மாட்டவில்லை, அந்த மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் வாட்ச்மேன் மாடு கழனித்தண்ணி குடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு உருளை அவள் சேலைக் கரையைப் பிடித்தது, சேலையோடு காலைப் பிடித்தது. "நிப்பாட்டுங்கடா, நிப்பாட்டுங்கடா" என்று கூட இருந்த பெண்கள் கத்தின கத்தில் கரட்டிலிருந்த காக்காயெல்லாம் கிளம்பிவிட்டது. மிஷினை நிறுத்துகிற சுவிட்ச் ஆபீஸ் ரூமுக்குள் இருந்தது. ஊருக்குப் போடுகிற புது ரோட்டுக்கு லோடு ஏறிக்கொண்டிருந்த நேரம், திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று, அதனால் ஆபீஸ் ரூமில் இருந்தவர்கள் லோடு முடியட்டும் என்று இருந்தார்கள். அவளை இழுத்து வெளியே போட்டது பெண்கள்தான். கால் வரவில்லை. அது பெல்ட்டில் கல்லோடு கல்லாக மேலே ஏறி, கல்லைக் கடிக்கிற வாய்க்குள் விழுந்து, முக்கால் இஞ்சு ஜல்லியாக டிப்பரில் கொட்டி, கரட்டுப்பட்டி ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

தவமணியின் மச்சான் டவுனில் நர்சிங் ஹோம் வைத்திருந்தார். அங்கேதான் கொண்டுபோனார்கள், அங்கேதான் எழுதினார்கள்: பாம்பு கடித்து, விஷம் ஏறி, கால் எடுக்கப்பட்டது. பஞ்சவர்ணம் எட்டாவது வரை படித்தவள், முத்து முத்தாகக் கையெழுத்துப் போடுகிறவள். அவள் மயக்கத்தில் கிடக்கையில் கட்டைவிரலை மையில் தொட்டு அந்தக் காகிதத்தில் அமுக்கிக்கொண்டார்கள். நினைக்க நினைக்க வயிறு எரிகிறதா இல்லையா? எனக்கு எரிகிறது.

அவள் முதல் பாம்புக்கடியும் இல்லை. அவளுக்கு முன்னால் இரண்டு பேர், வீரணனுக்குக் கை, இன்னொருவனுக்குக் கை விரல் நான்கு. அவளுக்குப் பின்னால் ஒருத்தி. எல்லாம் பாம்பு. கிரஷர் வாசலில் பச்சைப் பலகை ஒன்று மாட்டியிருந்தது, "விபத்தில்லாத நாட்கள்" என்று எழுதி, பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் தினம் ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அவள் கால் போன அன்று சாயங்காலமும் கூட்டினார்கள். இத்தனைக்கும் அந்தப் பக்கம் பாம்பே கிடையாது. கிரஷர் புழுதிக்குப் பயந்து அதெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது. பாம்புக்கடி அதிகம் என்று காகிதத்தைப் பார்த்த அதிகாரிகள் ஒரு பாம்பு பிடிக்கிறவரை அனுப்பினார்கள், அவர் ஒரு வாரம் கம்பும் சாக்குமாக அலைந்து, வழி தப்பி வந்த ஒரு சாரைப்பாம்பை மட்டும் பிடித்துக்கொண்டு போனார். ஊர்ப் பெண்கள் அதற்கும் மேலே போனார்கள். நாலு பேரைக் கடித்திருக்கிறதே, நாகம்மாவுக்கு என்ன கோபமோ என்று கண்மாய்க் கரைப் புற்றுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பால் ஊற்றினார்கள். கண்ணால் பார்த்தவர்களே ஊற்றினார்கள். செய்யாத குற்றத்துக்குப் பாம்பைச் சமாதானம் பண்ணின ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா? தவமணி அந்தப் புற்றுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்து, "உபயம்" என்று பேர் எழுதிக்கொண்டார்.

பாம்பு என்று எழுதினால் என்ன வரும் என்று கேட்கலாம். பாம்பு கடித்த இடத்துக்கு ஆய்வு பண்ண ஆள் வரமாட்டான், உருளைக்கு மூடி மாட்டச் சொல்லமாட்டான். அந்த மூடியில்லாத உருளைக்குப் பக்கத்தில், அதே இடத்தில், அதே கூட்டுமாரோடு, அடுத்த வாரமே பஞ்சவர்ணத்தின் தங்கச்சி கார்த்தீஸ்வரி போய் நின்றாள். அக்காவைக் காப்பாற்ற வேண்டுமே, மெட்டி போட்ட புருஷன், காலும் மெட்டியும் சேர்ந்து போனபின் திருப்பூருக்குப் போனவன் போனவன்தானே. ஈஸ்வரி காலையில் கிளம்பும்போது பஞ்சவர்ணம் அவள் சேலைக் கரையைத் தூக்கிச் செருகிவிடுவாள், மேலே சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுவிடுவாள், "உருளப் பக்கம் குனியாத, குனிஞ்சா கல்லக் குச்சியால தள்ளு, கைய விடாத" என்று தினமும் ஒரே பாட்டைப் படிப்பாள். சாயங்காலம் அவள் நடந்து வருகிற காலடி கெண்டைச்சதையில் தெரியும்வரை பஞ்சவர்ணத்துக்குச் சோறு இறங்காது.

ரோட்டைத் திறந்த அன்று, ஊரே மாலை மேளத்தோடு விலக்கில் நிற்க, முதல் கார் ரிப்பனைத் தாண்டி ஏறியபோது, வீட்டில் படுத்திருந்த பஞ்சவர்ணம் "ஐயோ வெரல்ல ஏறுறான், வெரல்ல ஏறுறான்" என்று போட்ட அலறலில்தான் விஷயம் தெரிந்தது. ஊர் ஒரு வாரம் அதைப் பேசியது. அப்புறம் அதற்குத் தோதாகத் தன்னை மாற்றிக்கொண்டது. பஸ் நேரம் கேட்டார்கள். வெயில் நன்றாக அடிக்கிற பாலத்துப் பக்கம் கம்பும் கொள்ளும் காயப்போட்டுவிட்டு, "பஞ்சவர்ணம், காஞ்சிருச்சா பாரு" என்று வீட்டிலிருந்தே கேட்டார்கள், "இன்னும் ஈரமிருக்கு, பொறங்காலு குளுருது" என்றால் இன்னொரு நாள் விட்டார்கள். காணாமல்போன ஆடு எந்த இடத்தில் ரோட்டைத் தாண்டியது என்று கேட்டார்கள். யாரோடு யார் சேர்ந்து கண்மாய்ப் பக்கம் நடந்தார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, அதனாலேயே ஊரில் பாதிப் பேர் அவளைக் கண்டால் வணக்கம் வைத்தார்கள். குழி விழுந்த இடத்தில் கொதிக்கிற தாரை ஊற்ற ஆள் வந்தபோது அவள் தரையில் புரண்டு துடித்தாள், பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடித் தாரின் மேல் தண்ணீர் ஊற்றினார்கள், காண்டிராக்டர் கத்தக் கத்த ஊற்றினார்கள். அன்றிலிருந்து அந்த ரோட்டில் யாரும் வெற்றிலை எச்சில் துப்புவதில்லை. நல்ல ஜனங்கள்தான்.

ஆனால் ஒரு நாளைக்கு அறுபது டிப்பர், ஒவ்வொன்றும் தளும்பத் தளும்ப ஜல்லியோடு அந்தக் காலின் மேல் ஏறி இறங்கியது. இத்தனையும் கேட்ட ஊர் "வலிக்குதா" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுவிட்டால் அப்புறம் டிப்பரைப் பற்றிப் பேச வேண்டும், டிப்பரைப் பேசினால் கிரஷரைப் பேச வேண்டும், கிரஷரில் வீட்டுக்கு ஒரு ஆள் வேலை பார்த்தது.

தவமணி ஒரு இலவச முகாம் நடத்தி அவளுக்கு ஒரு கால் கொடுத்தார். ரோஸ் கலரில், இரண்டு விரல்கடை நீளம் கூடுதலாக, கெண்டையில் அவர் பேரைப் பொறித்து வந்த கால் அது. மேடையில் மாட்டிவிட்டுப் போட்டோ எடுத்தார்கள், மேடையிறங்கியதும் கழன்றது. வீட்டில் ஆணியில் மாட்டினாள். முட்டியை நுழைக்கிற அதன் கிண்ணத்துக்குள் கோழி அடை வைத்து ஏழு குஞ்சு பொரித்தது. அந்தக் காலால் நடந்த ஒரே காரியம் அதுதான்.

பஞ்சாயத்து கிளார்க் ஒருநாள் சொன்னார், டவுன் பெரியாஸ்பத்திரியில் கால் பட்டறை இருக்கிறது, அளவெடுத்து ஆளுக்குத் தக்கபடி செய்கிறார்கள் என்று. ஈஸ்வரி ஒரு நாள் லீவு போட்டு அக்காவைக் கூட்டிப்போனாள். அங்கே பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பேர் விஜிலா, நாகர்கோவில் பக்கத்துக்காரி, எதையும் குறித்துக்கொள்ளாமல் விடமாட்டாள். உட்காரவைத்து, மிஞ்சிய காலின் நுனியைத் தொட்டுப் பார்த்து, முதல் கேள்வியாக, "அக்கா, எங்க வலிக்குது?" என்றாள்.

இரண்டு வருஷத்தில் முதல் ஆள். "கம்மாக்கரை வளைவுல" என்றாள் பஞ்சவர்ணம்.

"எப்பம்லாம் வலிக்கும்?"

"டிப்பரு ஏறுறப்ப."

விஜிலா சிரிக்கவில்லை. வலிக்கும் இடம், கண்மாய்க் கரை வளைவு. வலிக்கும் நேரம், டிப்பர் ஏறும்போது என்று சீட்டில் எழுதினாள். "கால் போச்சேன்னு சொல்றவங்களுக்கெல்லாம் போன காலு வலிக்கத்தான் செய்யும் அக்கா. உங்க காலு எங்க கெடக்குன்னு உங்களுக்குத் தெரியுது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். அடுத்த வரியில், கால் போனதற்குக் காரணம் என்ற இடத்தில், பழைய காகிதத்தைப் பார்த்துப் பாம்பு என்று எழுதப் போனவளின் கையைப் பஞ்சவர்ணம் பிடித்துக்கொண்டாள்.

"அத எழுதாத தங்கச்சி."

"நான் வேற எழுதினா செல்லாதுக்கா. முதல்ல எழுதினவங்க மாத்தி எழுதணும்" என்ற விஜிலா, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுச் சீட்டைத் திருப்பினாள்.

பட்டறையில் ஷேக் மீரான் மாவுக்கட்டு போட்டு அச்செடுத்தார், பத்து நாளில் கால் செய்தார், கருப்பு நிறம் கலந்து அவள் தோல் நிறத்துக்கே கொண்டுவந்திருந்தார். மாட்டி நாலு எட்டு வைத்தாள், நன்றாக நடந்தாள், ஐந்தாவது எட்டில் மிஞ்சிய கால் வெடுக்கென்று துள்ளிக் கீழே விழுந்தாள். அங்கே, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு டிப்பர் வளைவில் திரும்பியிருந்தது. மீரான் கிண்ணத்தைக் கழற்றித் தேய்த்தார், மறுபடி மாட்டினார், மறுபடி விழுந்தாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "கிண்ணம் சரியாத்தாம்மா இருக்கு. ஒங்க ரோடுதான் சரியில்ல" என்றார்.

விஜிலா விடவில்லை. ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டுவந்து இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, இடது காலின் பிம்பத்தைக் காட்டி, அதுதான் வலது கால் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னாள். கண்ணாடிக்குள் பஞ்சவர்ணம் தன் வலது காலைப் பார்த்தாள். இரண்டாவது விரலில் மெட்டிகூட இருந்தது. "இப்ப அந்தக் கால அசைங்க. விரல மடக்குங்க, நீட்டுங்க. பாதத்த மேல தூக்குங்க, பத்து எண்ணுங்க, எறக்குங்க. தெனம் மூணு வேள செய்யணும். அந்தக் காலு உங்க பேச்சக் கேக்க ஆரம்பிச்சா வலி கொறையும்." பஞ்சவர்ணம் விரலை மடக்கினாள்.

ஊருக்குத் திரும்பினால் விலக்கு டீக்கடைச் சுருளி மறித்துக்கொண்டான். "யாத்தே, பதினோரு மணிக்கு வெரல ஆட்டுனியா? பெஞ்சு சாஞ்சு ஆறு கிளாஸு போச்சு." அப்புறம் ஊர் இதையும் தனக்குள் வாங்கிக்கொண்டது. டீக்கடையில் அவள் பயிற்சி நேரத்தை எழுதி ஒட்டினார்கள். காலை பத்து, மதியம் ஒன்று, சாயங்காலம் நாலு. அந்த நேரங்களில் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். புறங்காலை அவள் லேசாக அசைத்தால் காயப்போட்ட கம்பு தானாகப் புரண்டுவிடுகிறது என்று கண்டுபிடித்து, கிண்டிவிடுகிற வேலை மிச்சம் என்று அதற்கும் அவளையே கேட்டார்கள். பஞ்சவர்ணம் புரட்டிக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் கணுக்கால் அவள் சொன்ன பேச்சைக் கேட்டது.

அந்த மார்கழியில்தான் சுக்ராம் கை போனது. ஒடிசாவிலிருந்து வந்த பையன், கல்யாணமாகி ஆறு மாசம், ஈஸ்வரிக்கு அடுத்த இடத்தில் கல் அள்ளுகிறவன், தெரிந்த தமிழே "சரிக்கா, சாப்டாச்சாக்கா" என்ற இரண்டு வார்த்தை. பஞ்சவர்ணம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நேரங்கெட்ட நேரத்தில் ஒரு வேன் தலைதெறிக்கக் கெண்டைச்சதையில் ஏறியது, வளைவில் குலுங்கியது, பாலத்தில் ஏறும்போது அவள் புறங்காலில் சூடாக ஏதோ சொட்டியது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, விலக்கு வரைக்கும் சொட்டிக்கொண்டே போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. யாருடையது என்றுதான் தெரியவில்லை. "ஈஸ்வரி, ஏ ஈஸ்வரி" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு கையை ஊன்றிக் கிரஷர் பக்கம் தவழ்ந்தாள். பாதி வழியில் ஈஸ்வரியே எதிரில் வந்தாள், சட்டையெல்லாம் ரத்தம், அவளுடையது இல்லை.

மறுநாள் காகிதத்தில் பாம்பு கடித்தது. பலகையில் எண் ஒன்று கூடியது. அவன் கையும் எந்த ரோட்டுக்கோ ஜல்லியாகப் போயிற்று, அவனை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே எந்த ரோட்டில் எந்த வண்டி ஏறி அவன் அங்கே துடிக்கிறானோ, அதைக் கேட்கிறவர் யார்? வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் புற்றுக்குப் பால் கொண்டுபோனார்கள். சுக்ராம் நின்ற இடத்துக்கும் சேர்த்து ஈஸ்வரியையே பார்க்கச் சொன்னார்கள். அவளும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"போகாதடி" என்றாள் பஞ்சவர்ணம்.

"போகாம? நீயும் நானும் மண்ணத் திங்கவா?"

அவள் போய்விட்டாள். பஞ்சவர்ணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, கண்ணாடியே இல்லாமல் அந்தக் காலைப் பார்த்தாள். விஜிலா சொல்லித் தந்தபடி மூச்சை இழுத்தாள். பாதத்தைத் தூக்கினாள்.

கண்மாய் வளைவிலிருந்து விலக்கு வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் ரோடு, பாலத்தோடு, மைல் கல்லோடு, காயப்போட்டிருந்த கொள்ளோடு மெதுவாக நிமிர்ந்து எழுந்தது. விலக்கில் அதன் நுனி பனைமர உயரத்துக்குப் போயிற்று. கொள் பொலபொலவென்று உருண்டு வளைவில் குவிந்தது. லோடோடு வந்த முதல் டிப்பர் வளைவில் நின்று, பின்னால் அடுத்தது நின்று, பத்து மணிக்குள் கிரஷர் வாசல் வரைக்கும் டிப்பர் நின்றது. பஞ்சவர்ணம் பத்து எண்ணினாள். இறக்கவில்லை. நூறு எண்ணினாள்.

ஊர் முதலில் கொள்ளைத்தான் அள்ளியது. அப்புறம் நிமிர்ந்த ரோட்டுக்கு அடியில் நிழல் நன்றாக இருக்கிறது என்று ஆடுகளைக் கட்டியது. அதற்கப்புறம்தான் அவள் வாசலுக்கு வந்து, "ஏ பஞ்சவர்ணம், கால எறக்கு" என்றது. பஸ் வந்தால் இறக்கினாள். ஆம்புலன்ஸ் வந்தால் இறக்கினாள், பள்ளிக்கூட வேனுக்கு இறக்கினாள். டிப்பர் மூக்கை நீட்டினால் தூக்கினாள். பொழுது சாய்ந்து கிரஷர் ஓய்ந்ததும் காலை இறக்கிவைத்துவிட்டு இரண்டு வாய் சோறு தின்றாள். இரண்டாம் நாள் கிரஷர் பெல்ட் நின்றது, கொட்டுகிற இடமில்லை. வேலையில்லாமல் வந்த ஈஸ்வரி வாசலில் நின்று கத்தினாள்.

"ஊரு பொழப்ப மறிச்சிட்டு உக்காந்திருக்கியே, ஒனக்கு என்னதான் வேணும்?"

"பாம்பு கடிக்கலன்னு எழுதணும்."

"எழுதுனா ஒங்காலு வந்துருமா?"

"எங்காலு வராதுடி. ஒங்காலு போகாது" என்றாள் பஞ்சவர்ணம். அவள் நெற்றியிலிருந்து வேர்வை தரையில் சொட்டியது. "உருளைக்கு மூடி மாட்டணும்னா ஆய்வுக்கு ஆள் வரணும். ஆள் வரணும்னா பெல்ட்டுன்னு எழுதணும். எனக்கு ஒன்னத் தவிர யாருடி இருக்கா? நீ அங்க குனியிறப்பெல்லாம் நான் இங்க செத்துச் செத்துப் பொழைக்கிறேன்."

ஈஸ்வரி முந்தானையால் அக்காவின் நெற்றியைத் துடைத்துவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்து, தன் முதுகை அவள் முதுகுக்கு முட்டுக்கொடுத்தாள்.

மூன்றாம் நாள் விலக்கில் தாசில்தார் ஜீப் வந்து நின்றது, பின்னால் தவமணி கார் வந்தது. மண் அமைப்பு சரியில்லை என்று எழுதிக்கொண்டார் தாசில்தார். "மண்ணு இல்லீங்கய்யா, மதினி காலு" என்றான் சுருளி. தாசில்தார் அதையும் எழுதிக்கொண்டார். பஞ்சவர்ணத்தை ஒரு நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு விலக்குக்குப் போனார்கள், ஊரே பின்னால் போனது.

தவமணி குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "ஏத்தா பஞ்சவர்ணம், நான் கால் குடுத்தவன். நீ இப்படிச் செய்யலாமா?"

"நீங்க குடுத்த கால்ல கோழி குஞ்சு பொரிச்சிருச்சு மொதலாளி. எடுத்த காலப் பத்திப் பேசுங்க."

"பாம்பு கடிச்சதுக்கு நான் என்ன பண்றது? காகிதம் இருக்கு, ஒன் கைநாட்டு இருக்கு. பெல்ட்டுல போச்சுன்னா ஆதாரம் எங்க?"

பஞ்சவர்ணம் பல்லைக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்ற ரோட்டின் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக, தவமணியின் முகத்துக்கு நேராக வருகிற வரைக்கும் இறக்கினாள். ரோட்டின் அறுந்த ஓரம் தெரிந்தது: மேலே தார், கீழே ஜல்லி, இன்னும் கீழே மண். இரண்டாவது விரலை மட்டும் அசைத்தாள். ஜல்லி உதிர்ந்தது. ஜல்லிக்கு நடுவில், நசுங்கித் தகடாகிப்போன வெள்ளி மெட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பால்குடத்தோடு புற்றுக்குக் கிளம்பிக் கூட்டத்தோடு வந்துவிட்ட பெண்கள் குடத்தோடு நின்றார்கள். மெட்டியை ஈஸ்வரிதான் பெயர்த்தெடுத்தாள். தவமணி மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"பாம்பு கடிச்சது மொதலாளி. கடிச்சுட்டு மெட்டியக் கழட்டி, நசுக்கி, டிப்பர்ல ஏத்தி, ஒங்க ரோட்டுல போட்டுத் தாரும் ஊத்துச்சாக்கும்?"

பின்னாலிருந்து ஒரு கிழவி, வருஷக்கணக்காகப் பால் ஊற்றினவள், குடத்தை அப்படியே தவமணியின் காலடியில் கவிழ்த்தாள். "இத்தன நாளு ஊத்துனது ஒனக்குச் சேர வேண்டியது. குடி" என்றாள். அதைப் பார்த்து மற்றவர்களும் கவிழ்த்தார்கள். அவருடைய பளபளப்பான ஷூ பாலில் ஊறியது. தாசில்தார் வேறு வழியில்லாமல் கிரஷரிலிருந்து விபத்துப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். வந்தது. புதுக் கருக்கு மாறாத நோட்டு, உள்ளே ஒரு எழுத்துக் கிடையாது.

"கால எறக்கு, எழுதுறேன்" என்றார் தவமணி.

"எழுதுங்க, எறக்குறேன்."

ரோட்டின் நுனி அவர் தலைக்கு மேலே ஒரு முழம் உயர்ந்தது. இரண்டு ஜல்லி உருண்டு அவர் தோளில் விழுந்தது. அவர் எழுதினார். தேதி, கிழமை, பகல் பதினொன்றரை, கன்வேயர் பெல்ட், மூடியில்லாத உருளை, பஞ்சவர்ணம், வலது கால். அடுத்து வீரணன், கை. அடுத்தவர், அடுத்தவர். கடைசியாகச் சுக்ராம், கை, ஊர் ஒடிசா. மச்சானின் நர்சிங் ஹோம் காகிதம் பொய் என்று அதற்கும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஞ்சவர்ணம் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள், ஒரு இடத்தில் பிழை இருந்தது, திருத்தச் சொன்னாள், தன் கையெழுத்தையும் முத்து முத்தாகக் கீழே போட்டாள். ஈஸ்வரி நடந்தே கிரஷருக்குப் போனாள், பச்சைப் பலகையில் இருந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தை உள்ளங்கையால் அழித்தாள், சுண்ணாம்புக் கட்டியால் பெரிதாக ஒரு சைபர் போட்டாள்.

ஆய்வுக்கு ஆள் வந்தது அதற்குப் பதினேழாம் நாள். வாட்ச்மேன் மாட்டிடமிருந்து மூடியைப் பிடுங்கி, நெளிவெடுத்து, உருளைக்கு மாட்டினார்கள். சுவிட்ச் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வந்தது. டிப்பரில் தளும்ப ஏற்றக் கூடாது என்றார்கள், ஏற்றினால் வளைவில் ரோடு தானாக ஒரு குலுக்குக் குலுக்கி மிச்சத்தைக் கொட்டிவிடும் என்று டிரைவர்களுக்கும் தெரிந்துபோனதால் ஏற்றவில்லை. மீரான் செய்த கால் இப்போது நிற்கிறது. பஞ்சவர்ணம் அதை மாட்டிக்கொண்டு சாயங்காலம் ரோட்டில் நடந்து போய்த் தங்கச்சியைக் கூட்டிவருகிறாள், தன் காலின் மேல் தானே நடக்கிறவள் என்பதால் கொஞ்சம் பார்த்து நடக்கிறாள்.

ரோட்டை அவள் அன்றைக்கே இறக்கிவிட்டாள், பெருவிரலை மட்டும் இறக்கவில்லை. விலக்கில் அது ஒரு முழ உயரத்துக்கு மேடாகவே நிற்கிறது. நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல், அதற்கு வெள்ளைக் கோடு அடித்து "வேகத்தடை" என்று போர்டு வைத்துவிட்டுப் போனார்கள். பஸ் வந்தால் அது தணிந்து கொடுக்கும், பள்ளிக்கூட வேனுக்கும் தணியும். தவமணியின் கார் வருகிறபோது மட்டும் இன்னும் ஒரு சாண் எழும்பி, அவர் தலை கார்க் கூரையில் முட்டுகிறமாதிரி ஒரு தூக்குத் தூக்கிப் போடும். ஏன் மதினி, இன்னுமா கோபம் தீரவில்லை என்று யாராவது கேட்டால் பஞ்சவர்ணம் வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொல்வாள்:

"கோவமெல்லாம் இல்லப்பா. தெனம் மூணு வேள வெரல அசைக்கணும்னு விஜிலா சொல்லியிருக்கா."